சலாபத்துச் சிப்பியும் ஒட்டிக்கிற ரத்தமும்

தூத்துக்குடிக்காரன்னு சொன்னா வெளியூர் நண்பர்கள் கேக்குறது மூணு கேள்வி. மக்ரூன் வாங்கிட்டு வந்தியா? உங்க ஊர் வெயில் எப்படி? அப்புறம், முத்து எப்படிப்பா உருவாகுது? முதல் ரெண்டுக்கும் பதில் சொல்றது சுளுவு. மூணாவதுக்கு ரொம்ப வருஷமா ஊர்ல எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொல்லிட்டிருந்தேன். சிப்பிக்குள்ள ஒரு மணல் போயிடும், அது உறுத்தும், சிப்பி அதைச் சுத்திப் பளபளன்னு பூசிடும், அவ்வளவுதான் முத்துன்னு. எங்க ஆச்சி சொல்ற கதை இன்னும் அழகு. சுவாதி நட்சத்திரத்துல பெய்யுற மழைத்துளியை வாங்குறதுக்காகச் சிப்பி மேல வந்து வாயைத் திறந்துகிட்டுக் காத்திருக்குமாம்.

ரெண்டுமே தப்பு மக்கா. மழைத்துளி கதையை விடுங்க, அது கவிதை. மணல் கதை அப்படி இல்ல, பாடப்புத்தகம் வரைக்கும் போய் உக்காந்திருக்கு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முத்துச்சிப்பி வாழுறதே மணலும் பாறையும் கலந்த கடலடியில. ராத்திரி பகலா தண்ணியை உள்ள இழுத்து வெளிய விட்டுத்தான் அது சாப்பிடுது. மணல் போனா முத்துன்னா ஒவ்வொரு சிப்பிக்குள்ளயும் ஒரு படி முத்து இருக்கணும். நெசத்துல ஆயிரக்கணக்குல சிப்பியைத் திறந்தாத்தான் நாலு நல்ல முத்து தேறும். உள்ள போற மணலைச் சிப்பி சளியில சுருட்டி வெளிய தள்ளிடுது, அவ்வளவுதான்.

அப்ப சரியான பதில் என்ன? அதைத் தேடிப் போனப்ப, நம்ம மன்னார் வளைகுடாவுல நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஒரு பெரிய தப்புக் கணக்கும், நம்ம ரத்த செல் மேல முளைச்சிருக்குற ஒட்டுப் புரதங்களும் ஒரே கதையில வந்து நின்னுச்சு. அதான் இந்தப் பதிவு. நடுவுல கொஞ்சம் உயிரியல் வரும், பயப்படாம வாங்க.

முதல்ல சலாபம். முத்துக்குளிப்புக்கு எங்க பக்கம் அதுதான் பேரு. கடலுக்கு அடியில சிப்பி படுக்கையா விளையுற பாறைத் திட்டுக்குப் பேரு பார். தோலாயிரம் பார்னு ஒண்ணு இருக்கு, பழைய ஆவணங்கள்ல அடிக்கடி வரும். கொற்கை முத்தைப் பத்தி கிரேக்க மாலுமிக் குறிப்புலயே இருக்கு, தண்டனைக் கைதிகளை வெச்சு முத்தெடுத்தாங்கன்னு. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ, சுறாவை மந்திரத்தால கட்டி வைக்கிறவங்களுக்கு எடுத்ததுல இருபதுல ஒரு பங்கு போச்சுன்னு எழுதி வெச்சிருக்கார். இந்தக் கடல்கட்டிகள் வெள்ளைக்காரன் காலம் வரைக்கும் வேலையில இருந்தாங்க. குளிக்கிறவன் பயமில்லாம இறங்கணுமே, அதுக்குச் செலவு. காப்பீடுன்னு வெச்சுக்கோங்க :-)

போர்த்துக்கீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர், அப்புறம் இங்கிலீஷ்காரன்னு முதலாளி மாறிகிட்டே இருந்தாலும் வேலை மாறல. கல்லைக் கட்டிக்கிட்டு இறங்கு, மூச்சு முட்டுற வரைக்கும் கூடையில சிப்பி அள்ளு, கயிறை இழு. கரைக்கு வந்த சிப்பியைப் பங்கு போடுவாங்க. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல குளிச்சவங்களுக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் சர்க்காருக்கு. அந்தச் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்குறவனுக்கும் தெரியாது, விக்கிறவனுக்கும் தெரியாது. சுத்தமான சூதாட்டம்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும், பின்னாடி வேணும். வாங்குன சிப்பியை யாரும் கத்தி வெச்சு ஒண்ணொண்ணாத் திறந்துகிட்டு இருக்கல. குவிச்சுப் போட்டு அழுக விட்டாங்க. ஈ மொய்க்கும், புழு வைக்கும், சதை கரைஞ்சு கூழாப் போகும். அப்புறம் கடல்தண்ணி ஊத்திக் கழுவிக் கழுவி, அடியில தங்குன முத்தைப் பொறுக்குவாங்க. 1950கள்ல சலாபத்துல கயிறு பிடிச்ச எங்க தாத்தா, அந்த நாத்தம் ஒரு மாசத்துக்குச் சோத்துலயே இருக்கும்னு சொல்லுவார்.

ஆக இந்த முறையில கையில மிஞ்சுறது முத்து மட்டும். முத்தாகாமப் போனது எல்லாம் சதையோட அழுகிப் போச்சு. ரெண்டாயிரம் வருஷம் முத்தெடுத்த ஊர்ல, தோத்துப்போன முத்தை யாரும் பார்த்ததே இல்ல!

அதைப் பார்த்தவங்க 1902-ல வந்தாங்க. எதிர்க்கரை இலங்கையில மன்னாருக்குத் தெக்க மறிச்சுக்கட்டி பக்கம் இருக்குற பார்கள்ல பல வருஷமா சிப்பியே இல்லாமப் போச்சு. இந்தச் சலாபம் நமக்கு வெளியூர் சமாச்சாரம் கிடையாது. தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாட்கள் இல்லாம அங்க வேலை நடக்காது. என்ன ஆச்சுன்னு பார்க்கச் சொல்லி லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மேனை அரசாங்கம் கூப்பிட்டுச்சு. அவருக்கு உதவியா வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மேன் கொஞ்ச நாள்ல ஊருக்குப் போயிட்டார், ஹார்னெல் தங்கிட்டார். பின்னாடி மதராஸ் அரசாங்கத்துல சேர்ந்து, நம்ம கரையோட முத்து, சங்கு, தோணி, வலைன்னு அவர் எழுதாத சங்கதி இல்ல. எனக்கு அவர் மேல தனி மரியாதை உண்டு, அதனாலதான் அவர் தப்பைப் பத்தி எழுதவும் தைரியம் வருது.

ரெண்டு பேரும் புதுச் சிப்பியைத் திறந்து சதையைச் சீவி மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க. அதுல நிறைய குட்டிக் குட்டி உருண்டை. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு நாடாப்புழுவோட இளம்பருவம். ஆஹா, கிடைச்சிருச்சுய்யான்னு துள்ளிட்டாங்க. முத்தோட கரு இந்தப் புழுதான். புழு உள்ள வருது, சிப்பி அதைச் சிறை வெச்சுப் பூசுது. நல்ல முத்துங்கிறது ஒரு புழுவோட கல்லறைன்னு முடிவு பண்ணி, 1903-லருந்து 1906 வரைக்கும் ராயல் சொசைட்டி வழியா அஞ்சு பெரிய தொகுதியா அறிக்கை போட்டாங்க. (எல்லா முத்துக்கும் புழுதான் காரணம்னு அவங்க சொல்லல. தசை ஒட்டுற இடத்துல வர்ற முத்துக்கு வேற காரணம் சொன்னாங்க. நியாயமா அதையும் சொல்லணும்.)

புழுவோட வாழ்க்கைச் சக்கரத்தையும் போட்டுப் பார்த்தாங்க. சிப்பியைக் கிளாத்தி மீன் திங்கும், கிளாத்தியைத் திருக்கை திங்கும், திருக்கை வயித்துல புழு பெருசாகி முட்டை போடும். திருக்கை சிப்பியையும் மென்னு தள்ளுற ராட்சசன். ஆனா இந்தக் கணக்குப்படி அது இல்லேன்னா புழு இல்ல, புழு இல்லேன்னா முத்து இல்ல. திருக்கைக்குக் கோயில் கட்டணும் போல!

1905-ல இலங்கைச் சலாபம் வரலாறு காணாத அளவுக்கு நடந்துச்சு. 8 கோடிக்கு மேல சிப்பி. அந்த உற்சாகத்துல 1906-ல ஒரு லண்டன் கம்பெனி மொத்தப் பாரையும் 20 வருஷக் குத்தகைக்கு எடுத்துச்சு. விஞ்ஞானம் கையில இருக்கு, இனிமே முத்து விவசாயம்தான்னு நினைப்பு. முதல் ரெண்டு வருஷம் ஏதோ ஓடுச்சு. 1907-க்குப் பிறகு பார் காலி. சில வருஷத்துல கம்பெனியும் காலி. பார் ஏன் காலியாச்சுங்கிறதுக்கும் புழுக் கணக்குக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. ஆனா தெரிஞ்சதா நினைச்ச விஷயம் தெரியாத விஷயம்னு ஆனது அப்பத்தான்.

லிஸ்டர் ஜேம்சன்னு ஒருத்தர் 1902-லயே மஸல் சிப்பியில ஆராய்ச்சி பண்ணி, முத்தைச் சுத்தி ஒரு பை இருக்கு, அந்தப் பை ஓடு செய்யுற தோல் செல்லாலயே ஆனதுன்னு சொல்லியிருந்தார். 1912-ல அவர் இலங்கைச் சிப்பிகளையும் எடுத்துப் பார்த்துட்டு ஹெர்ட்மேன், ஹார்னெல் கணக்கை உடைச்சார். அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமை: புழுவைச் சுத்தி இருக்குற உறை எதால ஆனது? பார்த்தா அது நாரும் ரத்த செல்லும் சேர்ந்த உறை. முத்தைச் செய்யத் தெரிஞ்ச தோல் செல் அதுல கிடையாது. அப்ப அது முத்தா மாறவே மாறாது. மைக்ராஸ்கோப்புல ஹார்னெல் பார்த்தது வேற ஒரு சமாச்சாரம். சிப்பியோட நோய் எதிர்ப்புச் சக்தி ஒரு எதிரியைச் சுத்தி வளைச்சுக் கட்டிப்போட்ட காட்சி.

அடுத்த வருஷமே, 1913-ல, ஜெர்மன்காரர் அல்வெர்டெஸ் ஆத்துச் சிப்பியில தோல் திசுத் துணுக்கை உள்ள புகுத்தி முத்து வர வெச்சுக் காட்டினார். புழுவும் வேண்டாம், மணலும் வேண்டாம். ஓடு செய்யுற செல் இடம் மாறி உள்ள போய் உயிரோட இருந்தாப் போதும்.

இப்ப ரெண்டு வழி இருக்குறது புரியுதா? அந்நியப் பொருள் ஒண்ணு சதைக்குள்ள வருது. அதை ரத்த செல் புடிச்சா நாருறை. தோல் செல் புடிச்சா முத்து. யார் ஒட்டுறா, ஒட்டுனவன் பிழைக்கிறானாங்கிறதுதான் மொத்தக் கதையும். அழுகவிட்டுக் கழுவுற நம்ம முறையில முதல் வகை தடம் இல்லாமக் கரைஞ்சிடும், ரெண்டாவது மட்டும் உலைமூடியில உருளும்.

ரத்த செல்லு ஒட்டுறதைப் பத்தி இன்னொரு பழைய கதை இருக்கு, அதுவும் நத்தை, சிப்பி ஜாதியிலதான் ஆரம்பிக்குது. ஹெக்கெல் 1862-ல ஒரு கடல் நத்தை உடம்புல நீலச்சாயத்தை ஏத்திட்டுப் பார்த்தார். சாயத்துகளை ரத்த செல்கள் முழுங்கியிருந்துச்சு. பார்த்தார், படம் போட்டார், தாண்டிப் போயிட்டார். இருபது வருஷம் கழிச்சு 1882-ல இத்தாலியில மெசினாங்கிற துறைமுக ஊர்ல மெச்னிக்காஃப், கண்ணாடி மாதிரி இருக்குற நட்சத்திர மீன் குஞ்சுக்குள்ள முள்ளைக் குத்தி வெச்சார். மறுநாள் காலையில முள்ளைச் சுத்தி செல்கள் மொய்ச்சுக் கிடந்துச்சு. இது சாப்பாடு இல்ல, காவல்னு புரிஞ்சவர் அவர்தான். 1908-ல நோபல் கொடுத்தாங்க. ஹெக்கெலும் ஹார்னெலும் கண்ணால பார்த்தும் வேற பேர் வெச்சவங்க. கண்ணு முன்னாடி இருக்குறதுக்குச் சரியான பேர் வைக்கிறது அவ்வளவு லேசு இல்ல போலிருக்கு.

நானும் ஒரு தடவை பார்த்திருக்கேன். எங்க ஊர் மீன்வளக் கல்லூரியில படிச்ச நண்பன் ஒருத்தன், உணவுச் சிப்பியோட ரத்தத்துல ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டுல விட்டான். ரத்தம்னா சிவப்பு இல்ல, கழுவுன அரிசித் தண்ணி மாதிரி. முதல்ல உருண்டையா மிதந்துச்சு. நிமிஷத்துல அதுங்க கண்ணாடியைத் தொட்டதும் தட்டையாகி, சுத்திலும் மெல்லிசா விரல் நீட்டி, தோசை மாவு கல்லுல பரவுற மாதிரி பரவிடுச்சு. பக்கத்துல இருந்தது ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிச்சு. சிப்பிக்கு ஆன்டிபாடி கிடையாது, நம்ம மாதிரி தடுப்பூசி போட்டுக்கிற ஞாபகசக்தி கிடையாது. இந்த ஹீமோசைட்னு சொல்ற செல்தான் அதுக்குப் போலீஸ், தீயணைப்பு, ஆஸ்பத்திரி எல்லாம்.

சரி, எதை வெச்சு ஒட்டுது? பசை தடவிக்கிட்டு அலையுதா? இதுக்குப் பதில் கிடைக்க 1980கள் ஆச்சு.

1984-ல ரூயோஸ்லாட்டியும் பியர்ஷ்பாக்கரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. செல்லுக்கு வெளிய இருக்குற ஃபைப்ரோனெக்டின்கிற பெரிய புரதத்துல செல் கைவைக்கிற இடம் எவ்வளவு பெருசு தெரியுமா? மூணே மூணு அமினோ அமிலம்தான் அதுல முக்கியம்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம். சுருக்கமா ஆர்ஜிடி. கப்பலை இழுத்துக் கட்டுற தளத்துல இரும்புக் குத்தி இருக்கும் பாருங்க, அது மாதிரி. செல் பக்கத்துல இருந்து கயிறு போடுற புரதத்துக்கு 1986-ல ஹைன்ஸ் குழு இன்டெக்ரின்னு பேர் வெச்சாங்க. இது செல்லோட தோலை ஊடுருவி நிக்கும். வெளிப்பக்கம் குத்தியைப் புடிக்கும், உள்பக்கம் செல்லோட எலும்புக்கூட்டைப் புடிக்கும். அதனால இது வெறும் கொக்கி இல்ல. வெளிய என்ன புடிபட்டிருக்குன்னு உள்ள சேதி சொல்லும், உள்ள இருந்து ஆணை வந்தா இறுக்கும், தளர்த்தும். ஹைன்ஸ், ரூயோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் மூணு பேருக்கும் 2022-ல லாஸ்கர் பரிசு வந்தது இதுக்காகத்தான்.

ஸ்பிரிங்கர் இந்தக் கூட்டத்துல வந்தது ரத்த வெள்ளணு வழியா. அதுக்குக் காரணம் சில பச்சைக் குழந்தைங்க. பிறந்து ஒரு வாரம் பத்து நாள்ல விழ வேண்டிய தொப்புள்கொடி மூணு நாலு வாரம் ஆகியும் விழாது. அடுத்தடுத்து தொற்று வரும், ஆனா சீழே வைக்காது. ரத்தத்தை எடுத்துப் பார்த்தா வெள்ளணு கம்மியா இருக்காது, ரொம்ப அதிகமா இருக்கும்! ஆள் இருக்கு, சம்பவ இடத்துக்குப் போக முடியல. ரத்தக் குழாய்ச் சுவத்தைப் புடிச்சு நிக்கிறதுக்கான இன்டெக்ரின்ல பாதித் துண்டு, சிடி18னு பேரு, அந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலயே பழுது. ஓடுற ஆத்துல கரையைப் புடிக்கக் கை இல்லாதவன் கதை. வீட்டுல கைக்குழந்தை இருக்குறவங்க, தொப்புள்கொடி ஒரு மாசமாகியும் விழலேன்னா டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஆனா சொல்லிடுங்க.

இதுவரைக்கும் ஒட்டுறது. இனி பிழைக்கிறது. 1994-ல ஃப்ரிஷ், ஃபிரான்சிஸ் ரெண்டு பேர் தோல் வகை செல்களைத் தரையில ஒட்டவிடாம மிதக்கவிட்டாங்க. சாப்பாடு, காத்து எல்லாம் இருந்தும் செல்கள் தானா செத்துப் போச்சு. அதுக்கு அனோய்கிஸ்னு பேர் வெச்சாங்க, கிரேக்கத்துல வீடில்லாம இருக்குறதுன்னு அர்த்தம். இன்டெக்ரின் எதையாவது புடிச்சிருக்குற வரைக்கும் "நீ உன் இடத்துலதான் இருக்கே, உயிரோட இரு"ன்னு உள்ள சேதி போகும். புடி விட்டா அந்தச் சேதி நிக்கும்.

ரத்த செல்லுக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. மிதக்குறதே அதோட பொழப்பு. ஆனாலும் அதுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. 2003-ல ஜப்பானிய ஆய்வாளர்கள் பசிபிக் சிப்பியோட ஹீமோசைட்டுகள்ல அந்த ஆர்ஜிடி துண்டு உள்ள குட்டிப் புரதச் சங்கிலியைச் சேர்த்தாங்க. அதாவது குத்தி இல்லாம குத்தியோட தலை மட்டும், தண்ணியில மிதக்குது. கொக்கி எல்லாம் அதைப் புடிச்சுக்கிச்சுன்னா கரையைப் புடிக்க மிச்சம் இருக்காது. விளைவு? ஹீமோசைட்டுகள் அபொப்டோசிஸ்னு சொல்ற திட்டமிட்ட சாவுக்குப் போச்சு. இதுல இன்னொரு வழியும் இருக்கலாம். 1999-ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வு, இந்தக் குட்டிச் சங்கிலி செல்லுக்குள்ளயே புகுந்து காஸ்பேஸ்-3ங்கிற சாவு நொதியை நேரா முடுக்கிவிடும்னு காட்டுச்சு. வெளிக்கதவு வழியா, உள்வழியாங்கிறது ஒருபுறம் இருக்கட்டும். சிப்பியோட காவல்காரனுக்கு எதைப் புடிச்சிருக்கோம்ங்கிறது உயிர்ப் பிரச்சினை. நாருறையில அடுக்கடுக்கா ஒட்டித் தட்டையாகிப் போன ரத்த செல்கள் அங்கேயே தங்கிட்டதுக்கும் இந்தப் புடிதான் அடித்தளம்.

சாவைத் தள்ளிப்போடுறதுல சிப்பி பெரிய கில்லாடி. 2012-ல பசிபிக் சிப்பியோட மரபணுத்தொகுதியைப் படிச்சப்ப, அபொப்டோசிஸைத் தடுக்கிற புரதங்களுக்கு மனுசனுக்கு 8 ஜீன்தான், சிப்பிக்கு 48னு தெரிஞ்சுது. ஓதம் வத்துனா வெயில்ல காயணும், ஏறுனா உப்புத்தண்ணியில மூழ்கணும். அந்தப் பொழப்புக்கு அது தேவைதான். அதே வருஷம் ஒகினாவாவுல நம்ம முத்துச்சிப்பி இனமான பிங்க்டாடா ஃபுகாட்டாவோட தொகுதியும் வெளிவந்துச்சு.

ஒரு சின்ன இடைச்செருகல். நம்ம ஊர்ப் பக்கம் தேரிக்காட்டுல கூட இருக்குற சுருட்டை விரியன் இருக்கே, அதோட விஷத்துல எக்கிஸ்டாட்டின்னு ஒரு புரதம். அதுலயும் இதே ஆர்ஜிடி உண்டு. ரத்தத் தட்டணுக்களோட இன்டெக்ரினை அடைச்சுப் போட்டு ரத்தம் உறையாம பண்ணுது. அதைப் பார்த்து வடிவமைச்ச மருந்துதான் டைரோஃபிபான், 1998-லருந்து மாரடைப்பு வந்தவங்களுக்குக் கொடுக்குறாங்க. அடுத்த தடவை பாம்பைப் பார்த்தா அடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம்.

திரும்ப ஊருக்கு வருவோம். தூத்துக்குடியில கடைசிச் சலாபம் 1961-ல நடந்தது. அதுக்குப் பிறகு பார் தேறவே இல்ல. 1972-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வேப்பலோடையில முத்து வளர்க்குற முயற்சியை ஆரம்பிச்சாங்க. அழகர்சாமி தலைமையில 1973 ஜூலையில இந்தியாவோட முதல் உருண்டை வளர்ப்பு முத்து வந்துச்சு. துறைமுகம் பெருந்துறைமுகம் ஆன 1974-க்கு ஒரு வருஷம் முன்னாடி. எங்க ஊர்ல துறைமுகத்தைப் பத்தித் தெரிஞ்ச அளவுக்கு இது யாருக்கும் தெரியாதுங்கிறது என் நெடுநாள் புலம்பல்.

அந்த அறுவை சிகிச்சையைப் பாருங்க, மேல சொன்ன மொத்தக் கதையும் அதுல இருக்கு. ஒரு சிப்பியைக் கொன்னு அதோட மேன்டில், அதாவது ஓடு செய்யுற ஓரத்தோல், அதுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் சதுரம் வெட்டுவாங்க. இன்னொரு சிப்பியோட இனப்பெருக்கச் சதையைக் கீறி ஒரு ஓட்டு மணியை வெச்சு, அதை ஒட்டினாப்புல அந்தச் சதுரத்தையும் வெப்பாங்க. ஒட்டியே இருக்கணும், விலகுனா போச்சு. உடனே ஹீமோசைட்டுகள் காயத்துக்கு ஓடி வரும். சதுரத்தோட உள்சதையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு தீர்க்கும். ஆனா வெளித்தோல் செல்கள் மணியைப் பத்திக்கிட்டுப் பரவும். ஒண்ணை ஒண்ணு கைகோத்து, சுரக்குற முகம் உள்பக்கமாத் திரும்பி, வாரக்கணக்குல மணியைச் சுத்தி மூடுன பையாயிடும். அப்புறம் பூச்சு ஆரம்பம். இந்த ஓட்டத்துல ரத்த செல் முந்திக்கிட்டா பழுப்பு உறையோ, மணி வெளிய துப்பப்படுறதோதான் மிச்சம்.

பை யாருடையதுன்னு ஒரு கேள்வி இருந்துச்சு. செத்தவனோடதா, இருக்குறவனோடதா? 2010கள்ல வேற ரெண்டு முத்துச்சிப்பி இனங்களை வெச்சு, கறுப்பு உதட்டுச் சிப்பித் தோலை வெள்ளிச் சிப்பிக்கும், மாத்தியும் ஒட்டிப் பார்த்தாங்க. தோல் கொடுத்த சிப்பியோட ஜீன்கள் பையில வேலை செய்யுது, முத்தோட நிறமும் அதைத்தான் ஒத்துப்போகுது. செத்துப்போன சிப்பியோட தோல் இன்னொருத்தன் உடம்புல மாசக்கணக்கா வாழ்ந்து முத்து செய்யுது! மனுசன் சிறுநீரகம் மாத்துறதுக்கு எத்தனை மாத்திரை முழுங்குறான்.

வேப்பலோடை முத்து ஊருக்குப் பெரிய தொழிலா வளரல. 1981-ல சிப்பிக் குஞ்சைப் பொரிப்பகத்துலயே உண்டாக்குனாங்க. 1980கள்ல கம்பெனி வெச்சும் பார்த்தாங்க. ஜப்பான் மாதிரி அமைதியான குடாக் கடல் நமக்கு இல்ல, காத்துக் காலத்துல மிதவையைக் காப்பாத்துறதே பாடு. அதோட மனசு வெச்ச அளவு பணம் வெக்கல, இது என் அபிப்பிராயம்.

ஆனா ஆராய்ச்சி நிக்கல. தெற்கு பீச் ரோட்டுல இருக்குற அதே நிலையத்துக்காரங்க, அபலோன்கிற காது வடிவ நத்தையோட மேன்டில் துண்டை உடம்புக்கு வெளிய கண்ணாடிக் குப்பியில வளர்த்தது 2005-ல வெளிவந்துச்சு. சிப்பி, கடல் எதுவுமே இல்லாம, குப்பியில செல்லை வளர்த்து முத்து வருதான்னு பார்க்குற முயற்சி. இந்த மாதிரி வளர்ப்புல முதல் படி என்னன்னா, வெட்டுன துண்டிலருந்து செல்கள் ஊர்ந்து வெளிய வந்து குப்பியோட அடியில ஒட்டணும். ஒட்டாததை அடுத்த நாள் ஊட்டத் தண்ணியோட சேர்த்து ஊத்திடுவாங்க.

எங்க தாத்தாவுக்கு இதை விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், அவர் இருந்த காலத்துல. புழு, உறை, தோல் செல் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டார். கடைசியில ஒண்ணு கேட்டார்: "அப்ப நாங்க கழுவி ஊத்துன கூழ்ல அந்தப் புழு உறையும் இருந்திருக்கும்லாலே?" ஆமா தாத்தா, முத்தை விட நிறையவே இருந்திருக்கும்னேன். "எங்க ஆளுங்க யாரும் அதைத் தேடலையே"ன்னுட்டு வெத்தலையை மடிச்சார்.

டிஸ்கி: உங்க வீட்டுல யாராவது 1955-லருந்து 1961 வரைக்கும் நடந்த சலாபத்துல குளிச்சிருந்தாலோ, கயிறு பிடிச்சிருந்தாலோ, அழுகுன சிப்பி கழுவியிருந்தாலோ அவங்க சொன்னதை அப்படியே எழுதி வைங்க. குறிப்பா பாருக்குப் பார் வெச்சிருந்த பேருங்க. எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது தோலாயிரம் பார் ஒண்ணுதான்.